நித்திரைக்காரி மாக்கிறேற்

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி நாரந்தனையில் மாக்கிறேற் என்ற பெயரில் அந்தக் காலத்தில் ஆறேழு பேர் இருந்தார்கள். மாக்கிறேற் வீடு எங்கே என்று கேட்டால், எந்த மாக்கிறேற் என்று திருப்பிக் கேட்பார்கள். நித்திரைக்காரி மாக்கிறேற் என்றால் போதும், கையைப் பிடித்துக் கொண்டுவந்து படலையில் விட்டுவிடுவார்கள். வாசலில் நின்றால் வள்ளங்கள் கட்டுகிற இடம் தெரிகிற, கரையோரத்துக் கல்வீடு அது.

பெயர் சும்மா வந்ததல்ல. ஞாயிறு பூசையில் சுவாமியார் பிரசங்கம் தொடங்க முதலே அவளுக்குத் தலை சரிந்துவிடும். தொண்ணூறாம் ஆண்டு தீவுப்பகுதிச் சனம் வெளிக்கிட்டு ஓடியபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. படகில் எல்லாரும் செபமாலை சொல்லி அழ, அவள் அரிசி மூட்டையில் தலையை வைத்து நித்திரை. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே மழையில் நனைந்து இடம்பெயர்ந்தபோது, சனம் நகர முடியாமல் நின்ற ஓரிடத்தில், முன்பின் தெரியாத ஒருவருடைய சைக்கிள் கரியரில் தலையைச் சாய்த்து நின்றபடியே தூங்கினாள். அந்த மனிதர் பாவம், அவள் எழும்பும்வரை சைக்கிளை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றாராம். நித்திரையில் அவளுடைய கை காலும் சும்மா கிடக்காது. தலையணை ஒரு மூலை, போர்வை ஒரு மூலை. விடிய எழும்பிப் பார்த்தால் தலை இருந்த இடத்தில் கால் இருக்கும். கலியாணம் முடித்த புதிதில் வின்சன்ற் இதைக் கடற்கரையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவளும் சேர்ந்து சிரிப்பாள். நித்திரை வராதவர்கள்தான் நித்திரை கொள்கிறவர்களுக்குப் பட்டம் வைப்பார்கள் என்பது அவளுடைய கட்சி.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு புரட்டாதிக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரும் சிரிக்கவில்லை.

மூத்தவன் மிரோஜன் பிறந்து நாற்பத்தொரு நாள். சமாதானக் காலம், கடல் திறந்திருந்தது. வின்சன்ற் விடியற்புறமே வலைக்குப் போய்விட்டான். அவன் வெளிக்கிட்டதுகூட மாக்கிறேற்றுக்குத் தெரியாது. பிள்ளைக்குப் பால் கொடுத்து, அணைத்தபடி கண் அயர்ந்தவள் எழும்பியபோது வெயில் யன்னலுக்குள்ளே வந்துவிட்டது. பிள்ளையின் முகத்தில் தலையணை கிடந்தது. எடுத்தாள். எடுத்தபோது கண்டதை அவள் ஒருநாளும் ஒருவருக்கும் சொன்னதில்லை. தலையணை கிடந்ததையும் சொன்னதில்லை. தன் நித்திரை தனக்குத் தெரியாதா? வழக்கம்போல எறிந்த தலையணை பிள்ளையின் மேல் விழுந்திருக்கிறது, கொன்றது நான்தான் என்று அந்த நிமிடமே தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள்.

ஊருக்குத் தலையணை தேவைப்படவில்லை. நித்திரைக்காரி உருண்டு பிள்ளையை நசித்துப்போட்டாள் என்று பேச அந்தப் பட்டப்பெயரே போதுமாக இருந்தது. மரண விசாரணைக்கு வந்தவர் மூச்சடைப்பு என்று எழுதினார். சுவாமியார், அவன் சம்மனசாகப் போய்விட்டான் என்றார். வின்சன்றின் தமக்கை யூலியானாதான் பெட்டியை மூட முதல் எல்லாருக்கும் கேட்கும்படி அதைச் சொன்னாள்.

“சவம் மாதிரி நித்திரை கொண்டால் பிள்ளை என்னெண்டு தப்பும்?”

யூலியானாவுக்குப் பிள்ளை இல்லை. பதினாறு வருடம் நேர்த்தி வைத்தும் தனக்குக் கிடைக்காதது, கிடைத்த ஒருத்தியின் பக்கத்தில் கிடந்து இப்படிப் போனதே என்ற ஆத்திரம் அவளுக்கு. ஆத்திரத்துக்கு நியாயம் இருக்கலாம். ஆனால் அந்தச் சொல் அன்று பின்னேரத்துக்கிடையில் கரை முழுக்கப் போய்விட்டது. வின்சன்ற் வாய் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அதை மாக்கிறேற் தன்மேல் அவனுக்குள்ள இரக்கம் என்று எடுத்துக்கொண்டாள். நாலு வருடம் அந்த இரக்கத்துக்கு நன்றியோடும் இருந்தாள்.

பிறகு அவள் கட்டிலில் படுப்பதில்லை. குசினிக்குள் பாயைப் போட்டு, சுவரோடு முதுகை ஒட்டிக் கிடப்பாள். கடற்கரையில் பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றால் வேறு வழியால் போவாள். யாராவது, பிள்ளையை ஒருக்கால் பிடியும் என்று நீட்டிவிடுவார்களோ என்ற பயம். ஒருவரும் நீட்டவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து ஆறு ஆவணியில் சண்டை திரும்பவும் தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கு வரும் தரைப்பாதையைப் பூட்டினார்கள். அல்லைப்பிட்டிச் சனம் மூட்டை முடிச்சுகளோடு இந்தப் பக்கம் வந்தது. கடலுக்குப் போக நேவியின் பாஸ் வேண்டும், அதுவும் பகலில் சில மணித்தியாலம். பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சங்கக் கடையில் வரிசை. அந்த நேரம் பார்த்து அவளுக்கு மூன்று மாதம். வின்சன்றுக்குச் சொல்லும்போது சந்தோசத்தின் அடையாளமே முகத்தில் இல்லை. பிடிபட்டவள் மாதிரி நின்று சொன்னாள்.

மாசி மாதம் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் வயிற்றை வெட்டிப் பெண்பிள்ளையை எடுத்தார்கள். நிமலினி என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பயமில்லை, சுற்றிவர ஆட்கள். வீட்டுக்கு வந்து கட்டிலில் இருந்தபோதுதான் பயம் பிடித்தது. பிள்ளையை எங்கே வளர்த்துவது, எங்கே படுக்கவிடுவது?

பக்கத்தில் வளர்த்த மாட்டாள், அது முடிந்த கதை. நிலத்தில் பாயைப் போட்டுக் கூடவே படுக்கலாம் என்றால், குனிந்து எழும்பத் தையல் விடாது. கூரை வளையில் சேலையைக் கட்டி ஏணை போடலாம், ஊரில் எல்லாப் பிள்ளையும் அதில்தான் வளர்ந்தது. ஆனால் பச்சைப்பிள்ளை ஏணைக்குள் சுருண்டு, நாடி நெஞ்சில் முட்டக் கிடப்பதைப் பார்க்க அவளுக்கே மூச்சு முட்டியது. மற்ற அறையில் விடலாமா? இரவில்லை பகலில்லை, கடல் பக்கம் செல் வெடிக்கும். வெடித்தால் ஒரே எட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடவேண்டும். பக்கத்திலும் வைக்க ஏலாது, தள்ளியும் வைக்க ஏலாது.

ஆகவே நித்திரையை விடுவது என்று தீர்மானித்தாள். அவள், மாக்கிறேற், நித்திரையை விடுவதாம். கதிரையில் நிமிர்ந்து இருந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். கால் இரண்டையும் தண்ணீர் வாளிக்குள் விட்டாள். தேயிலையைச் சப்பினாள். நாலாம் நாள் கண் திறந்திருக்கும்போதே சுவரில் இல்லாத பூச்சிகள் ஊர்வது தெரிந்தது. ஐந்தாம் நாள் மடியிலிருந்து பிள்ளை வழுகத் தொடங்கியபோது திடுக்கிட்டுப் பிடித்தாள். அதன் பிறகு பிள்ளையைக் கட்டிலின் ஒரு கரையில் விட்டு, தான் மறுகரையில் படுத்து, தன் இடது கையைக் கட்டில் காலோடு சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். உருண்டால் கை இழுக்கும், முழிப்பு வரும் என்பது கணக்கு.

குடும்பநல மருத்துவிச்சி சறோஜினிதேவி வேலணையிலிருந்து சைக்கிளில் வருகிறவள். சண்டைக் காலத்தில் கிளாலி, கொம்படி எல்லாம் கடந்து வேலை பார்த்த மனுசி, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. பத்தாம் நாள் வந்து பிள்ளையை நிறுத்துவிட்டுத் தாயைப் பார்த்தாள்.

“உது என்ன கையிலை?”

“ஒண்டுமில்லை மிஸ்ஸி.”

“ஒண்டுமில்லாமல் தோல் உரியாது. சொல்லும்.”

மாக்கிறேற் சொன்னாள். சொல்லிக்கொண்டு வரும்போதே அழுகை வந்து வார்த்தையை விழுங்கியது. மருத்துவிச்சி அவளை அழ விட்டுக் காத்திருந்தாள்.

“முதல் பிள்ளையின்ரை கதை எனக்குத் தெரியும். அதைப்பற்றி நான் கேக்க வரேல்லை. ஆனால் ஒண்டு சொல்லுறன் கேளும். கதிரையிலை இருந்து பிள்ளையை மடியிலை வைச்சுத் தூங்கி விழுகிறது, கட்டிலிலை கூடப் படுக்கிறதைவிடப் பொல்லாதது. நித்திரையை ஒருத்தராலும் வெல்ல ஏலாது. நித்திரை வரும் எண்டு தெரிஞ்சுகொண்டு அதுக்கு ஏத்தமாதிரிப் பிள்ளைக்கு இடம் செய்யவேணும். விளங்குதே?”

மாக்கிறேற் மெத்தைக்குக் கீழே கையை விட்டு ஒரு கடிதத்தை எடுத்தாள். கனடாவில் இருக்கும் அவளுடைய தங்கச்சி எழுதியது, கொழும்புக்கு வந்து கப்பலேறி ஆறு கிழமை கழித்துக் கிடைத்தது. உள்ளே கடைப் புத்தகத்திலிருந்து வெட்டிய ஒரு படம். தாயின் கட்டிலோடு ஒட்டி ஒரு சின்னக் கட்டில். மூன்று பக்கம் வலை, தாயின் பக்கம் திறந்தபடி. பாதை திறந்திருந்தால் அனுப்பியிருப்பேன் அக்கா என்று எழுதியிருந்தாள்.

“இதைத்தான் நானும் சொல்லவந்தனான்” என்றாள் சறோஜினிதேவி. “உம்மடை மனுசன் செய்வாரே?”

வாசலில் நின்ற வின்சன்ற், “ஓம், செய்வன்” என்றான்.

மருத்துவிச்சி அவனைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னதை அவன் இரண்டு தரம் திருப்பிச் சொல்லவேண்டி வந்தது. அடிப்பலகை மட்டமாக இருக்கவேண்டும். மேலே ஒரு மெல்லிய விரிப்பு மட்டும், அதுவும் சுருக்கமில்லாமல் கீழே மடித்துச் செருகியது. தலையணை, அணைதுணி, பொம்மை ஒன்றும் கூடாது. பிள்ளை எப்போதும் மல்லாக்க. வலைக் கண்ணுக்குள் பிள்ளையின் விரல்கூடப் போகாத அளவு வேண்டும். தாயின் மெத்தை அமுங்குகிற அளவையும் பார்த்து உயரம் ஒன்றாக இருக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி ஒரு விரல்கூட இருக்கக்கூடாது. பிள்ளை கையை ஊன்றி எழும்பத் தொடங்கினால் அன்றோடு தொட்டிலைக் கழற்றிவிட வேண்டும்.

“நடுவிலை இடைவெளி வந்துதெண்டால் உது தொட்டில் இல்லை, பொறி. கட்டிலோடை சேர்த்து இறுக்கிக் கட்டும்.”

“கட்டுறதை எனக்குச் சொல்லித் தராதையுங்கோ மிஸ்ஸி. நான் கடல்காரன்” என்றான் வின்சன்ற். பிள்ளை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அன்றுதான் அவன் முகத்தில் சிரிப்பு.

இரண்டு நாளில் செய்து முடித்தான். பழைய கதவுப் பலகையைச் சீவினான். பனஞ்சலாகையில் சட்டம் அடித்து, சிராய் இல்லாமல் கண்ணாடித் துண்டால் சுரண்டினான். சின்னக் கண் வலையை மூன்று பக்கமும் விறைப்பாக இழுத்துக் கட்டினான். மாக்கிறேற்றைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, மெத்தை அமுங்குவதை அளந்து கால்களை அறுத்தான். மருத்துவிச்சி வந்து பார்த்தபோது தொட்டில் கட்டிலோடு அப்பிக்கொண்டு நின்றது. விரலை விட்டுப் பார்த்தாள், போகவில்லை. நல்லது என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தாள்.

அன்று மாக்கிறேற் கட்டிலில் படுத்து, கையை நீட்டிப் பிள்ளையின் வயிற்றில் வைத்தாள். கை அளவு தூரம். தன் உடம்புக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு கரை. அரை மணித்தியாலம் நித்திரை கொண்டாள், எழும்பினாள், பிள்ளை மூச்சு விட்டது. அடுத்த நாள் ஒரு மணித்தியாலம். கையில் கட்டின துணியை அவிழ்த்தாள். எட்டு நாள் அப்படிப் போனது. அந்த எட்டு நாளில்தான் அவள் பிள்ளையின் முகத்தைப் பயமில்லாமல் பார்த்தாள். மூக்கு தன்னுடையது, காது வின்சன்றுடையது என்று கண்டுபிடித்தாள்.

ஒன்பதாம் நாள் விடிய நேவி சுற்றி வளைத்தது. சனம் எல்லாரையும் பள்ளிக்கூட வளவுக்குக் கூப்பிட்டு, அடையாள அட்டை பார்த்து விட மத்தியானம் ஆகிவிட்டது. தையலோடு வெயிலில் நின்றுவிட்டு வந்தவள் கட்டிலில் சரிந்து, பக்கவாட்டில் கிடந்தபடி பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். குடித்து முடிந்ததும் பிள்ளையைத் தொட்டில் பக்கம் நகர்த்தியது நினைவிருக்கிறது. முழுக்க நகர்த்தினாளா என்பது நினைவில்லை.

எழும்பியபோது பால் கட்டி நெஞ்சு வலித்தது. கண்ணைத் திறக்காமல் கையை நீட்டினாள். வெறும் விரிப்பு.

தொட்டில் கட்டிலை விட்டு ஒரு சாண் தள்ளி நின்றது. பிள்ளை அந்த இடைவெளிக்குள் நெஞ்சு வரை இறங்கி, கை இரண்டும் மேலே நிற்க, முகம் மெத்தையின் பக்கத்தில் புதைந்து கிடந்தது. சத்தமில்லை. மாக்கிறேற் இழுத்துத் தூக்கினாள். உதடு நீலம். உள்ளங்காலில் சுண்டினாள். முதுகைத் தடவினாள். வாயால் முகத்தில் ஊதினாள். “நிமலினி, நிமலினி” என்று கூப்பிட்டது தன் குரல் மாதிரியே அவளுக்குக் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்று யார் சொல்வது. பிள்ளை ஒரு தரம் விக்கியது. பிறகு வாயைத் திறந்து வீரிட்டு அழுதது.

முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த வின்சன்ற் ஓடி வந்தான். அவள் பிள்ளையை அவனுடைய கையில் கொடுத்துவிட்டுச் சுவரோடு போய் நின்றாள். பிள்ளை அழ அழ முகம் சிவந்தது. அதைப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டு அவன் குனிந்து கட்டிலின் கீழே பார்த்தான். பார்த்தவன் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான்.

கயிறு அறவில்லை, முடிச்சும் அவிழவில்லை. ஒரு குறையும் இல்லாமல், வள்ளத்தைக் கட்டுவது மாதிரியே கட்டியிருந்தான். வள்ளத்தை யாரும் இறுக்கிக் கட்டுவதில்லை. கடல் ஏறினால் வள்ளம் ஏறவேண்டும், வத்தினால் இறங்கவேண்டும். இறுக்கினால் முன்பக்கத்து அணியம் அமிழ்ந்து தண்ணீர் ஏறும், இல்லையென்றால் கயிறு அறும். அதனால் ஒரு சாண் இளக்கம் விட்டுத்தான் கட்டுவார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து அவனுடைய கைக்குத் தெரிந்த கட்டு அது ஒன்றுதான். இறுக்கிக் கட்டு என்று மருத்துவிச்சி சொன்னதும், முடிச்சை இறுக்கினான், இளக்கத்தை அப்படியே வைத்துவிட்டான். தையல் இழுக்கும் என்று மாக்கிறேற் எழும்பும்போதெல்லாம் தொட்டில் சட்டத்தில் கையை ஊன்றி எழும்ப, ஒவ்வொரு தரமும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

“என்ரை பிழை. நான் கட்டினது பிழை” என்றான்.

அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.  அன்று முழுக்கப் பிள்ளையைப் பால் கொடுக்கும்போது மட்டும் தொட்டாள், கொடுத்து முடிந்ததும் அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். விடிந்ததும் ஊர்காவற்றுறைக்குப் போகிற ஒருவரிடம் யூலியானாவுக்குச் சொல்லி அனுப்பினாள். பிள்ளையின் சட்டை, துண்டு, ஆஸ்பத்திரிக் காட் எல்லாவற்றையும் ஒரு பையில் மடித்து வைத்தாள். ஒவ்வொரு சட்டையையும் மடிக்க முதல் முகத்தில் வைத்து மணந்தாள். இதைவிடக் கொடுமையான வேலை ஒரு தாய்க்கு இருக்க ஏலாது, ஆனால் கை நிதானமாகத்தான் செய்தது.

யூலியானா பத்து மணிக்கு வந்தாள். எங்கேயோ அலைந்து ஒரு பால்மாப் பெட்டியும் கொண்டுவந்திருந்தாள். பிள்ளையை வாங்கி மடியில் வைத்தாள். இவ்வளவு காலமும் தேள் மாதிரிக் கொட்டின வாய், பிள்ளையின் உச்சியைக் கொஞ்சியது.

“கொண்டு போங்கோ மச்சாள்” என்றாள் மாக்கிறேற். “பேர் மாத்த வேண்டாம். மற்றதெல்லாம் உங்கடை விருப்பம்.”

“என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?” என்று வின்சன்ற் எழும்பினான். “நான்தானே சொல்லுறன், அது கயிறு. நான் விட்ட பிழை. இண்டைக்கே இறுக்கிக் கட்டிறன்.”

“கயிறு கட்டலாம். என்னை எதாலை கட்டுறது?” அவளுடைய குரல் உயரவில்லை. “நான் படுத்தால் என்ரை பக்கத்திலை பிள்ளை சாகும். இது ரெண்டாம் தரம். நேற்றுக் கயிறு எண்டு சொல்லுறீங்கள். மிரோஜன் செத்த அண்டைக்கு எந்தக் கயிறு கிடந்தது? சொல்லுங்கோ. அண்டைக்கு என்ரை பிள்ளையின்ரை முகத்திலை தலையணை கிடந்தது. நித்திரையிலை நான்தான் எறிஞ்சனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இப்ப சொல்லுறன். இவளையாவது உயிரோடை கொண்டு போங்கோ மச்சாள்.”

யூலியானா பையை எடுத்துத் தோளில் கொழுவினாள். ஒரு கையில் பிள்ளை. எழும்பி இரண்டு அடி வைத்தாள்.

“அக்கா, நில்லு” என்றான் வின்சன்ற்.

அவன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வியர்த்திருந்தது.

“தலையணையை அவள் எறியேல்லை. நான் வைச்சனான்.”

பிறகு மாக்கிறேற்றின் பக்கம் திரும்பினான்.

“அண்டைக்குக் கடலுக்கு வெளிக்கிடேக்கை நீ பிள்ளையோடை ஒட்டிக் கிடந்தாய். உருண்டிடுவாய் எண்டு பயந்து, என்ரை தலையணையை எடுத்து ரெண்டு பேருக்கும் நடுவிலை அணையா வைச்சிட்டுப் போனனான். நல்லதுக்கெண்டு நினைச்சுத்தான் வைச்சனான். திரும்பி வரேக்கை சனம் நிக்குது. தலையணை நிலத்திலை கிடக்குது. கண்ட உடனை விளங்கிட்டுது.”

 அந்தக் காலைப்பொழுது மாக்கிறேற்றுக்குள் திரும்பவும் வந்தது. எழும்பியபோது தன் தலையணை தன் தலைக்குக் கீழேதான் இருந்தது. நாலு வருடம் ஆயிரம் தரம் நினைத்துப் பார்த்த காட்சியில் அந்த ஒன்றை மட்டும் அவள் பார்க்கவேயில்லை.

“ஏன் சொல்லேல்லை?”

“சொல்லத்தான் வந்தனான். அக்கா பெட்டிக்குப் பக்கத்திலை நிண்டு அப்பிடிச் சொன்னா. எல்லாரும் உன்னைத் திரும்பிப் பார்த்தினம். என்னை ஒருத்தரும் பார்க்கேல்லை.” அவனுக்கு மூச்சு வாங்கியது. “அப்பிடியே விட்டிட்டன். நாளைக்குச் சொல்லுவம் எண்டு நினைச்சன். நாளாக நாளாக வாய் வரேல்லை.”

மாக்கிறேற் அழுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். சத்தம் போடுவாள், அடிப்பாள் என்றுகூட எதிர்பார்த்தான். அவள் யூலியானாவின் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

“பிள்ளையைத் தாங்கோ.”

யூலியானா கொடுத்தாள்.  மாக்கிறேற் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு புருசனைப் பார்த்தாள். அவ்வளவு கோபம் தனக்குள் இருந்தது என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

“கடற்கரைக்குப் போங்கோ. வள்ளம் கரைக்கு வாற நேரம், எல்லாரும் அங்கைதான் நிப்பினம். எனக்குச் சொன்னதை அப்பிடியே அவையளுக்கும் சொல்லுங்கோ.”

“மாக்கிறேற்...”

“நாலு வருசம் நான் அவையின்ரை முகத்தைப் பார்க்காமல் நடந்தனான். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு வாங்கோ. சொல்லாமல் வரவேண்டாம்.”

அவன் கட்டில் சட்டத்தை விட்டான். பிறகு சேட்டுக்கூடப் போடாமல் இறங்கிப் போனான்.

யூலியானா பையைக் கழற்றிக் கட்டிலில் வைத்தாள். மன்னிப்பு அது இது என்று ஒன்றும் கேட்கவில்லை. அது அவளுக்கு வராது. பால்மாப் பெட்டியை அலுமாரிக்குள் வைத்தாள். பிறகு ஐம்பது வயது உடம்பை மடக்கி நிலத்தில் படுத்து, கட்டிலின் கீழே தலையை விட்டாள். அவளும் கடல்காரனின் மகள்தான். இளக்கமான கட்டை அவிழ்த்து, தொட்டிலைத் தோளால் தள்ளிக் கட்டிலோடு சேர்த்து, கயிற்றைக் காலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். முனகல் கேட்டது. எழும்பி வந்தபோது தலைமயிர் முழுக்கத் தூசி, கன்னம் ஈரம். மாக்கிறேற் நடுவில் விரலை விட்டுப் பார்த்தாள். சட்டத்தில் முழங்காலால் தள்ளியும் பார்த்தாள். அசையவில்லை.

பிள்ளையை அவள் உடனே தொட்டிலில் வளர்த்தவில்லை. தோளில் போட்டபடி வாசலுக்குப் போனாள்.

கரையில் பதினைந்து இருபது பேர் வலையிலிருந்து மீன் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். வின்சன்ற் அவர்களுக்கு நடுவில் போய் நின்றான். காற்று எதிர்ப்பக்கம், அவன் சொல்வது கேட்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக வலையிலிருந்து கையை எடுத்தார்கள். எல்லாரிலும் மூத்தவரான பத்திநாதர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் பிடித்தார். வின்சன்ற் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான், அல்லது அழுதுகொண்டிருந்தான். பிறகு அத்தனை பேரும் திரும்பி அவளுடைய வீட்டைப் பார்த்தார்கள்.

மாக்கிறேற் உள்ளே போகவில்லை. பிள்ளையோடு வாசலிலேயே நின்றாள்.